பதிவேட்டின் முதல் வரி

“பரிசோதகர்: இரு கண்களும் குறையற்றவை. கண்ணாடி தேவையில்லை.”

ஓட்டுநர் உரிம அலுவலகத்தில், பார்வைச் சோதனை அறையின் பதிவேடு தினமும் இந்த வரியோடுதான் தொடங்கும். ஊரார் கண்ணைச் சோதிப்பவர் முதலில் தன் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. காலை ஒன்பது மணிக்குப் பரிசோதகர் எழுத்துப் பலகைக்கு எதிரே நின்று, கடைசி வரிவரை சத்தமாகப் படித்துக் கையெழுத்துப் போடுவார். பத்தொன்பது வருடமாக அதே பலகை. பதினேழு வருடம் படித்தார். கடைசி இரண்டு வருடம் ஒப்பித்தார்.

அவர் கண்களின் நடுப்பகுதி செத்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். எதைப் பார்க்கிறாரோ அது தெரியாது; எதைப் பார்க்கவில்லையோ அது ஓரளவு தெரியும். வேலைக்கு இது இடைஞ்சலே இல்லை என்பதுதான் வேடிக்கை. வந்தவர் படிப்பதைக் காதால் கேட்டுத் தப்பைப் பிடித்தால் போதும். “அவருகிட்ட மட்டும் ஏமாத்த முடியாதுப்பா” என்று வரிசையில் பேசிக்கொள்வார்கள்.

விஷயம் தெரிந்தவர் வேறு ஊர் டாக்டர் ஒருவர்தான். “இன்னும் ஒரு வருஷம். பாக்க வேண்டியதெல்லாம் பாத்துடுங்க” என்றார் அவர். வெளியே சொன்னால் வேலை போகும். மகனுக்கு அடுத்த வருடம் கல்லூரி. பார்க்க வேண்டியவை என்று யோசித்தால் இரண்டு முகங்கள்தான் இருந்தன. மகனுக்குப் பதினேழு, மகளுக்குப் பதினான்கு. அந்த வயதுப் பிள்ளைகளின் முகம் வீட்டில் கைப்பேசிக்கு மட்டுமே காணக் கிடைக்கும். ஆகவே மூன்று நாள் காடு, மூன்று நாள் கடல் என்று ஏற்பாடு செய்தார். மனைவியிடம், “அடுத்த வருஷம் கூப்பிட்டா வரமாட்டாங்க” என்றார். அதுவும் பொய்யில்லை.

காட்டில் இரண்டு நாள் காலையிலும் சிறுத்தையைத் தேடித் திறந்த ஜீப்பில் சுற்றிப் புழுதியைத்தான் பார்த்தார்கள்.

“நம்ம மொட்டைமாடியில நின்னா இதைவிட நல்ல பூனையா பாக்கலாம்” என்றான் மகன்.

“மெதுவாப் பேசுடா, சிறுத்தைக்குக் கேட்டுடப் போகுது” என்றாள் அம்மா.

“கேக்கட்டும். ரோஷம் வந்தாவது வரட்டும்.”

மூன்றாம் நாள் காலை எல்லோரும், சிறுத்தை தண்ணீர் குடிக்க வரும் என்று சொல்லப்பட்ட குட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசோதகர் மகளைப் பார்க்க முயன்றார். அவளைப் பார்க்க அவள் காதுக்கு அப்பால் எங்கோ பார்க்க வேண்டும். அந்த எங்கோவின் ஓரத்தில் ஏதோ ஆடியது. கையை நீட்டினார். கிளையிலிருந்து தொங்கிய வால். வாலுக்கு மேலே முழுச் சிறுத்தை.

“இருபது வருஷமா இதான் சார் என் பொழப்பு. எனக்கே தெரியல! உங்களுக்குக் கழுகுக் கண்ணு சார்” என்றார் வழிகாட்டி.

பரிசோதகர் நேராகத் திரும்பினார். சாம்பல் வட்டம் சிறுத்தையை விழுங்கியது. ஜீப்பில் அதைப் பார்க்க முடியாதவர், அதைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான்.

“எங்கப்பாதான் முதல்ல பாத்தாரு!” என்று பக்கத்து ஜீப்புக்குக் கேட்கும்படி கத்தினாள் மகள். அன்று முதல் அவர் பெயர் கழுகு. “கழுகாரே, உப்பு எங்க இருக்கு, கண்டுபிடிங்க பாப்போம்.” அவர் கூசவும் செய்தார், இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்களா என்று காத்திருக்கவும் செய்தார்.

கடலுக்குப் போன மறுநாள் மனைவி துண்டு எடுக்க அறைக்குப் போனாள். “ரெண்டு பேரும் தண்ணியில இருக்காங்க. கண்ணெடுக்காம பாத்துக்குங்க.”

நேராகப் பார்த்தால் மறைந்துவிடுவார்கள். அவர் பக்கவாட்டில் பார்த்து, கண்ணோரத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். புள்ளிகள் அலையில் ஏறின, இறங்கின. வேறொரு பக்கம் யாரோ கையை உயர்த்தி ஆட்டியது மங்கலாகத் தெரிந்தது. இவரும் உற்சாகமாக ஆட்டினார்.

புள்ளிகள் இரண்டும் மிதவைகள். கையாட்டியது மகள். நீரோட்டம் இழுத்துப் போனவளை மகன்தான் நீந்திப் பிடித்து, முடியைப் பற்றிக் கரைக்கு இழுத்து வந்தான்.

அவள் மணலில் கவிழ்ந்து உப்புத் தண்ணீரைக் கக்கினாள். பிறகு கேட்டாள்: “கூப்பிட்டேனேப்பா. நீங்க டாட்டா காட்டுனீங்க.”

“விளையாடுறேன்னு நெனச்சேம்மா.”

“விளையாட்டா?” மகனுக்குப் பல் கிடுகிடுத்தது. “மரத்துல இருக்கற வால் தெரியுது. இவ தெரியலையா?”

பொறுப்பில்லாத அப்பனுக்கு வேலை போகாது. குருட்டு அப்பனுக்குப் போகும். பரிசோதகர் முன்னவராகவே இருந்துகொண்டார்.

துண்டோடு ஓடிவந்த மனைவி கத்தவில்லை. மகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னுதானே நான் போனேன்.”

ஊர் திரும்பும் வழியெல்லாம் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எந்தப் பக்கம் பார்த்தும் அவருக்கு அவள் முகம் கிடைக்கவில்லை. கழுகு என்று யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பலகைக்கு எதிரே நின்றார். பழக்கத்தில் வாய் முதல் எழுத்தைச் சொல்லிவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டார். பதிவேட்டின் முதல் வரியில் “பரிசோதகர்: தேறவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரிசையில் நின்ற முப்பத்தோரு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டு, அறையைப் பூட்டினார்.