குழந்தைராஜுக்குக் கேட்ட டக் டக்

திருக்காட்டுப்பள்ளி கடைவீதி முடியுமிடத்தில் தகரக்கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் குழந்தைராஜுக்கு ஐம்பத்தேழு வயது. மனிதர்களில் முக்கால்வாசிப் பேர் செவிடர்கள் என்பது அவருடைய முடிவு. ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட ஆர்மோனியத்தில் ஒரு கட்டை பிசகினால் அவர் முகம் சுளிப்பது பீடம் வரை தெரியும். பம்புசெட் இன்ஜின்களில் தொழில் கற்றவர். தஞ்சாவூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் எட்டு மாதம் இருந்தார். வண்டியின் சத்தத்தைக் கேட்காமல் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கச் சொன்ன சூப்பர்வைசரிடம், "உங்களுக்குக் காது எதுக்கு, மூக்குக்கண்ணாடி மாட்டவா?" என்று கேட்டுவிட்டு வந்தவர் திரும்பப் போகவில்லை.

ஒரு புதன்கிழமை காலை ஜெனித் பழைய அம்பாசிடர் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். ஆற்றுப் பாசன வயல்களில் கல் நட்டு மனை விற்பவன். நெல் விளைந்த மண்ணில் நகர்ப் பெயர்ப் பலகை நடுகிறவனை குழந்தைராஜுக்கு ஏற்கெனவே பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்கள் எல்லாம் தஞ்சாவூரிலிருந்து பூம்புகாருக்கு ஊர்வலம் போகின்றனவாம், இதுவும் போக வேண்டுமாம். ஆனால் இன்ஜினில் டக் டக்கென்று சத்தம். மூன்று மெக்கானிக் பார்த்தாயிற்று. போனில் ஏதோ வீடியோ பார்த்துக் கெட்டி ஆயிலாக மாற்றி ஒரு மாதமாகிறது. அன்று காலையும் ஒரு டின் ஊற்றியிருக்கிறான்.

"சத்தம் வருதுன்னா காதுல பஞ்சு வைக்கிற வைத்தியம்," என்றார் குழந்தைராஜ்.

ஜெனித் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

குழந்தைராஜ் இன்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். சத்தம் மாறவில்லை. அப்படியானால் கோளாறு கீழே பேரிங்கில் இல்லை, மேலே வால்வுப் பக்கம்தான். நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை ராக்கர் மூடியின் மேல் நகர்த்திக்கொண்டே போனார். மூன்றாவது சிலிண்டரில் சத்தம் மண்டையில் அடித்தது. மூடியைத் திறந்தார். வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின் மேல் காலையில் ஊற்றிய ஆயில் வழிந்து கிடந்தது. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே கேஜ் தகட்டைச் செருகி இடைவெளியை அளந்தார். எட்டு வால்வுக்கும் அதைச் சரியாக வைத்தார். முந்தைய மூன்று பேரின் லட்சணத்தையும் வாய்விட்டே சொன்னார். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தார்.

டக் டக் அப்படியே இருந்தது.

பின்சீட்டில் இருந்த ஜெனித்தின் மனைவி பிரின்ஸி இறங்கி வந்தாள். "அண்ணே, ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா உள்ள தெறிக்கிறது தெரியும். இந்த ஒரு மாசமா தெரியலை."

"வண்டியில உட்கார்றது வேற, இன்ஜினைக் கேட்கிறது வேறம்மா," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. அவள் பின்சீட்டிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். வண்டியை விட்டுவிட்டுப் போனார்கள். அன்று பகல் முழுக்க அவர் மறுபடி மறுபடி இடைவெளியையே அளந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை, யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, இன்ஜின் ஓடும்போது அந்த மூடியைத் திறந்தார். ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. நேற்று ராக்கர் மேல் அவர் பார்த்தது ஜெனித் ஊற்றிய ஆயில், கீழிருந்து ஏறி வந்த ஆயில் இல்லை. ராக்கர்கள் கோத்த ஷாஃப்டைக் கழற்றினார். ஆயில் ஏறும் துளை கசடால் அடைத்திருந்தது. எண்ணெய் இல்லாமல் தேய்ந்த ராக்கரின் முகத்தில் சின்னக் குழி. கேஜ் தகடு அந்தக் குழியின் மேல் பாலம்போல் கிடந்து அளவு சரி என்று சொல்லியிருக்கிறது. உள்ளே இருந்த நிஜ இடைவெளி அதைவிடப் பெரிது. இருபத்தைந்து வயதில் தெரிந்த பாடம் இது. அந்த வியாழக்கிழமை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வார்த்தைகளை சூப்பர்வைசரிடம்கூடச் சொன்னதில்லை.

ராக்கர் முகத்தைச் சாணை பிடிக்கத் தெரிந்தவர் லேத் பட்டறை அல்லா பிச்சை ஒருவர்தான். வெள்ளிக்கிழமை பட்டறை லீவு, சனிக்கிழமை ஒப்புக்கொண்ட வேலை இருக்கிறது, இனி திங்கட்கிழமைதான் என்றார் அவர். நேற்றே கொண்டுவந்திருந்தால் இன்று சாயங்காலம் தந்திருப்பாராம்.

ஜெனித்துக்குத் திங்கட்கிழமை எதற்கு? "டைட் பண்ணி விட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் சத்தம் வராம இருந்தா போதும்," என்றான்.

"இடைவெளி இல்லாம இறுக்கினா வால்வு முழுசா மூடாது தம்பி. கருகிடும். நான் செய்ய மாட்டேன்."

துளையைச் சுத்தம் செய்து, ராக்கரைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார். வேறு எவனோ இறுக்கிக் கொடுத்தான். சத்தம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மயிலாடுதுறை தாண்டியதும் வண்டியும் நின்றது.

போன் செய்தவள் பிரின்ஸி. குழந்தைராஜ் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, வாய்க்கால் ஓரம் நின்ற வண்டியின் ஸ்டியரிங் முன்னால் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஜெனித் வேறொருவர் காரில் ஏறி ஊர்வலத்துக்குப் போய்விட்டான். கடற்கரையில் போட்டோ எடுக்கிறார்களாம். கூலிங்கிளாஸை மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

"எங்க அப்பா வண்டிண்ணே இது," என்றாள். "பதினெட்டு வயசுலேருந்து நான்தான் ஓட்டினேன். கல்யாணத்துக்கு அப்புறம்தான் பின்சீட்டு."

குழந்தைராஜ் பானட்டைத் திறக்கவில்லை. வெறுமனே அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா வியாழக்கிழமையே வேலை முடிஞ்சிருக்கும். நான்தான் காதை மூடிக்கிட்டேன்."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. மன்னித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

அறுப்பு மெஷின் ஏற்றிப் போகும் லாரி ஒன்று கும்பகோணம் வழியாகத் திரும்புவதாக இருந்தது. அதில் அம்பாசிடரை ஏற்றினார்கள். மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஓரம் கருகிப் பொரிந்திருந்தது. புது வால்வு, சாணை பிடித்த ராக்கர், சுத்தமான ஆயில் என்று பத்து நாள் ஆயிற்று. இன்ஜினைக் கிளப்பும் அன்று ஜெனித்தை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிரின்ஸியை மட்டும் வரச் சொன்னார். அவள் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஆயில் தெறித்து அவள் மூக்கு நுனியில் விழுந்தது. துடைக்காமல், தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலாவது சிலிண்டர் லேசா சத்தம் போடுதுண்ணே."

குழந்தைராஜுக்கு அது கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். நாலாவது சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது.