பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீடு

பூட்டைக் கண்டாலே கிரேஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். பி.ஏ. முடித்ததிலிருந்து சர்வே வேலைதான். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது விதி. பகலில் போனால் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பெண்கள் கம்பெனி பஸ் ஏறியிருப்பார்கள், இல்லையென்றால் பட்டுக்கடையில் சேலை விரித்துக்கொண்டிருப்பார்கள்.

"சாயங்காலம் இன்னொரு வாட்டி போறேன் சார். வேலைக்குப் போறவங்களை வுட்டுட்டு, வூட்ல இருக்கறவங்களையே கேட்டுக்கினு இருந்தா கணக்கு எப்படி சார் சரியா வரும்?" என்று சூப்பர்வைசர் ஜெகதீசனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"அதுக்கெல்லாம் டைம் ஏதும்மா? பக்கத்து வீட்டைப் போட்டு முடி."

எரிச்சலோடு தாமல் கிராமத்துக்குப் போய், அன்று முழுக்கப் பக்கத்து வீடுகளாகவே போட்டு முடித்தாள்.

மாலையில் ஓரிக்கையில் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே, பக்கத்து வீட்டு மல்லிகா ஓடி வந்தாள்.

"உன்ன மாதிரியே பை மாட்டிக்கினு ஒரு பொண்ணு வந்துச்சு கிரேஸு. உன் வூடு பூட்டியிருந்துச்சா, என் வூட்டை எழுதிக்கினு போயிடுச்சு."

"என்னக்கா கேட்டுச்சு?"

"வூட்ல பொம்பளைங்க யாராவது வேலைக்குப் போறீங்களான்னுச்சு. யாரும் இல்லைன்னுட்டேன்."