ரெண்டாவது தடவையும் கூப்பிடணும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரி செல்வியும் பட்டுச்சேலை கட்டிவிட்டாள். மேஜை மேல் ஒரு எவர்சில்வர் பால் கிண்ணம். வண்ணத்தாள் சுற்றி ரெடி.

ஏழு மணி ஆயிற்று. ஏழே காலும் ஆயிற்று. நாங்கள் கிளம்பவில்லை.

போக வேண்டிய வீடு எவ்வளவு தூரம் தெரியுமா? எதிர் வரிசையில் மூன்றாவது வீடு. மாடி.

பிறகு ஏன் உட்கார்ந்திருந்தோம்? சொல்கிறேன்.

அந்த மாடியில் மௌசுமி என்று ஒரு பெண் குடியிருக்கிறாள். ஒடிசாக்காரி. அவள் கணவர் துறைமுகத்தில் கிரேன் இன்ஜினியர். தூத்துக்குடிக்கு வந்து எட்டு மாதம். காலையில் அவர் போய்விடுவார். பிறகு இவளும், கைக்குழந்தையும், மாடியும்தான். அவளுக்குத் தமிழ் வராது. எங்கள் தெருவுக்கு இந்தியும் வராது, ஒடியாவும் வராது. நடுவில் இருப்பது இங்கிலீஷ் ஒன்று. அது அவளிடம் நிறைய இருக்கிறது. எங்களிடம் கொஞ்சம்.

எட்டாவதோடு நிறுத்தியவன் இங்கிலீஷ் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். கப்பலை இழுக்கிற டக் படகில் எனக்கு வேலை. அங்கே எல்லாம் இங்கிலீஷ்தான். கம் ஸ்லோ. ஹோல்ட். லெட் கோ. இந்த ஏழெட்டு வார்த்தையை வைத்துப் பெரிய கப்பலையே கரையில் கட்டிவிடலாம். ஆனால் ஒரு மனிதரைச் சாப்பிடக் கூப்பிட முடியாது.

குழந்தைக்கு முதல் பிறந்தநாள். அதற்கு ஒரு வாரம் முன்னால் மௌசுமி தெருவில் வீடு வீடாக வந்தாள். எங்கள் வாசலிலும் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, அங்கிள், சண்டே பர்த்டே பார்ட்டி. செவன் ஓ க்ளாக். ப்ளீஸ் கம்."

"கம்மிங், கம்மிங்" என்றாள் செல்வி.

"ஹவ் மெனி பீப்பிள்?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஆல்" என்றாள் செல்வி.

"ஷ்யூர்?"

"ஷ்யூர், ஷ்யூர்."

"அண்ட் நோ கிஃப்ட்ஸ், ப்ளீஸ்!" சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் செல்வி ஆரம்பித்தாள். "எத்தன பேருன்னு கேக்குதா. நாம என்ன லாரி பிடிச்சா போப்போறோம்? கிஃப்ட்டும் வேண்டாமாம். அப்ப வரச் சொல்லுதாளா, வர வேண்டாங்காளா?"

"வரத்தான் சொல்லுதா."

"ம். பாப்போம். அன்னைக்குக் கூப்பிடுதாளான்னு."

இங்கேதான் விஷயம். எங்கள் தெருவில் ஒரு பழக்கம். விசேஷத்துக்கு இரண்டு தடவை கூப்பிட வேண்டும். ஒரு வாரம் முன்னால் வந்து சொல்வது தகவல். அதற்கு எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று யார் சொல்வார்? அன்றைக்குச் சாப்பாடு தயாரானதும் அந்த வீட்டு ஆள் திரும்ப வந்து, "எல்லாம் ரெடி, கெளம்புங்க" என்று சொல்ல வேண்டும். அதுதான் அழைப்பு. அது வராமலே நாமாகப் போனால்... சோத்துக்கு அலைகிறவன் என்று பெயர். இந்துவா, வேதக்காரரா என்று பேதம் கிடையாது. எங்கள் தெருவுக்கே அப்படித்தான்.

இது எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆகவே அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவும் இல்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டோம். நானும்தான்.

இத்தனைக்கும் அவள் நிலைமை எனக்குத் தெரியும். அந்த வாரம் அவள் வீட்டுக்காரரைத் துறைமுகத்தில் பார்த்தேன். அரைகுறைத் தமிழில் சொன்னார்.

"அண்ணா, ஒய்ஃப் ஊருக்குப் போணும் சொல்றா. நெக்ஸ்ட் வெட்னஸ்டே டிக்கெட் போட்டாச்சு. இங்க பேச ஆளு இல்ல. சண்டே எல்லாரும் வந்தா... மனசு மாறும். பார்க்கலாம்."

"வருவாங்க" என்றேன். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஏழரை மணிக்குச் செல்வி சொன்னாள். "ஏங்க, வெளிய போயி லேசா எட்டிப் பாருங்க. யாராவது எறங்கி வாராகளான்னு."

வாசலுக்கு வந்தேன். தெருவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பலசரக்குக் கடைக் கனகராஜ் அண்ணாச்சி பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் துடைக்கிறார். அவர் மகள் ஜிகினா பாவாடையோடு படியில் உட்கார்ந்திருக்கிறாள். "ஏளா, மண்ணுல உக்காராத, எந்திரி" என்று உள்ளேயிருந்து சத்தம் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சென்ட் போட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். எல்லார் வீட்டிலும் தலையில் பூ. எல்லார் கண்ணும் அந்த மாடி மேல்.

"என்ன அண்ணாச்சி, போகலியா?" என்றேன்.

"எங்கன?" என்றார், ஒன்றும் தெரியாத மாதிரி.

"மாடிக்கு."

"கூப்பிடட்டும்லா. நாமளா போயி எலையில உக்கார முடியுமா? சொன்னா சொன்னபடி வந்து ஒரு வார்த்தை கூப்பிடணும்லா."

மேலே பார்த்தேன். மொட்டை மாடியில் சீரியல் லைட் எரிகிறது. பலூன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பாட்டு நின்றது. ஒரு கை வந்து பலூனை அவிழ்த்தது. பிறகு இன்னொன்றை.

சிரிப்பு நின்றுவிட்டது.

என்ன நடக்கிறது என்று புரிந்தது. அவர்கள் மேலே எங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். நாங்கள் கீழே அவர்களுக்காகக் காத்திருக்கிறோம். விட்டால் இரண்டு பேரும் தூங்கப் போய்விடுவோம். புதன்கிழமை அவள் ரயில் ஏறிவிடுவாள்.

நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். செல்லாது. அந்த வீட்டு ஆள் வந்து கூப்பிட வேண்டும். நான் யார்?

மாடிப்படி ஏறினேன்.

மேசை நிறையப் பாத்திரம். பூரி, பருப்பு, பாயசம், கேக். எல்லாம் அவளே சமைத்தது. பாத்திரத்துக்கெல்லாம் மூடி போட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. வீட்டுக்காரர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மேடம்" என்றேன். "யூ கம். ஒன் மோர் டைம் கால்."

"கால்? ஐ கால்ட் எவ்ரிபடி. தே ஆல் செட் யெஸ்!"

"யெஸ் மேடம். ஆல் யெஸ். ஆல் ரெடி."

"தென் ஒய்?"

"வெயிட்டிங்."

"ஃபார் வாட்?"

"ஃபார் யூ."

அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர் போனை எடுத்தார். "நோ போன்" என்றேன். "ஹவுஸ் பீப்பிள். டோர் டு டோர்."

அவள் முகம் மாறியது. "அகெய்ன்? நோ. ஐ வோன்ட் பெக்."

பெக் என்றால் பிச்சை என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவள் ஊரில் ஒரு தடவை யெஸ் என்றால் யெஸ்தான் போலிருக்கிறது. வந்து நின்று கூப்பிட்டாள். ஷ்யூரா என்று வேறு கேட்டாள். நாங்களும் ஷ்யூர் என்று சொல்லித் தொலைத்தோம். மறுபடி போய் வாசலில் நிற்கச் சொன்னால் யாருக்குத்தான் மானம் போகாது?

எனக்கும் இங்கிலீஷில் ஒரு அனுபவம் உண்டு. ஒரு கப்பலில் ஆபீசர் ஒருவர் என்னிடம் "காபி?" என்றார். எனக்கு நல்ல தாகம். ஆனாலும் உடனே வாங்கிக் குடித்தால் நன்றாகவா இருக்கும்? "நோ, நோ" என்றேன். "ஓகே" என்று சொல்லிவிட்டு அவர் ஊற்றிக் குடித்தார். நான் இரண்டாவது தடவை கேட்பார் என்று நின்றேன். கேட்கவே இல்லை. தமிழில் வேண்டாம் என்றால் மூன்று தடவை கேட்டுக் கையில் திணித்துவிடுவார்கள். இங்கிலீஷில் நோ என்றால் கடையை மூடிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல எனக்கு இங்கிலீஷ் ஏது? ஏதோ சொல்லிப் பார்த்தேன். "நோ பெக், மேடம். ரெஸ்பெக்ட்." அதோடு சரக்கு தீர்ந்தது.

சும்மா கைப்பிடிச் சுவர் பக்கம் போய் நின்றேன். கையைக் காட்டினேன்.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

பட்டுச் சட்டையும் ஸ்கூட்டரும். ஜிகினா பாவாடை. செடிக்கு இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். செடி மிதக்க ஆரம்பித்திருக்கும். எங்கள் வீட்டு வாசலில் பட்டுச்சேலையோடு செல்வி. அவள் கையில் வண்ணத்தாள் பொட்டலம். மேலே தலை தெரிந்ததும் தெருவே குனிந்து வேறு வேலை பார்த்தது.

கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆல் ஆஃப் தெம்?" என்றாள்.

"ஆல்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்தாள். விறுவிறு என்று படி இறங்கினாள். வீட்டுக்காரரும் நானும் பின்னால்.

முதலில் கனகராஜ் அண்ணாச்சி வீடு. "அங்கிள், ப்ளீஸ் கம். ஃபுட் இஸ் ரெடி."

"அப்படியாம்மா? இன்னைக்கா?" என்றார் அந்தப் பெரிய மனிதர். "இந்தா வாரோம். ஏலே, எல்லாரும் கெளம்புங்க!" பத்து எண்ணுவதற்குள் ஆறு பேர் வாசலில் நின்றார்கள். எல்லாருக்கும் தலை சீவியிருந்தது.

அடுத்தது எங்கள் வீடு. அவள் கூப்பிட்ட பிறகுதான் செல்வி படியை விட்டு இறங்கினாள். "நான்தான் கூடவே வாரேனே" என்றேன் மெதுவாக.

"நீங்க வந்தா ஆச்சா? அந்தப் பிள்ள வாயால கூப்பிடணும்லா" என்றாள். அப்படியே குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

வீடு வீடாகக் கூட்டம் சேர்ந்தது. கடைசி வீடு பிலோமி அக்காவுடையது. வாசலில் லைட் இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். நெஞ்சுவலியில் இறந்து ஏழு மாதம்தான் ஆகிறது. வருஷம் திரும்புகிறவரை அக்கா எந்த விசேஷ வீட்டுக்கும் போவதில்லை. ஆனால் முந்தின வாரம் மௌசுமி வந்தபோது அக்காவும் "யெஸ், யெஸ்" என்றுதான் சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளையிடம் சாவைப் பற்றியா பேச முடியும்?

மௌசுமி கூப்பிட்டாள். அக்கா கதவருகே வந்தார். குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தார். ஒரு சின்னப் பொம்மையைக் கையில் கொடுத்தார்.

"நீங்க போங்க மக்கா. சந்தோசமா சாப்பிடுங்க. நான் இங்கன இருக்கேன்."

மௌசுமி என் பக்கம் திரும்பினாள். "ஷி இஸ் கம்மிங்?"

"நோ" என்றேன். எனக்கே அது முரட்டுத்தனமாகக் கேட்டது. "ஹஸ்பண்ட்... ஒன் இயர் நாட் ஃபினிஷ்."

 அவள் அக்காவின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு வந்தாள்.

பிறகு என்ன? மாடியில் நிற்க இடமில்லை. பாயசம் காலி. கேக்கை அண்ணாச்சி மூன்று தடவை வாங்கினார். "நோ, நோ" என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினார். அவளும் இரண்டாவது நோவுக்கு அப்புறம் கேட்காமலே வைக்க ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை கெட்டிக்காரி.

திங்கட்கிழமை துறைமுகத்தில் அவள் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"டிக்கெட்?" என்றேன்.

"கேன்சல்" என்றார்.

நாங்கள் விருந்துக்குப் போனதுதான் அவளை நிறுத்தியது என்று செல்வி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்குக் கூட்டம் சாப்பிட்டு முடிந்ததும் மௌசுமி இரண்டு தட்டில் சாப்பாடு போட்டாள். கீழே இறங்கினாள். பிலோமி அக்காவோடு வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலமும் குழந்தையோடு அங்கேதான் இருந்தாள். நேற்றும் பார்த்தேன்.

அந்த வீட்டுக்கு அவளை யாரும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.