பங்களா நாய்கள்

ஆறாம் வகுப்பில் ஒரு பங்களாவையும் இரண்டு நாய்களையும் எங்களுடையவை என்று வகுப்பு முழுக்க அளந்துவிட்ட முட்டாள் நான். இன்று காலை திருமுல்லைவாயிலில் மகளின் நாயோடு நடந்தபோது, வேப்பம்பூ வாசனை அதை ஞாபகப்படுத்தித் தொலைத்தது.

அப்போதும் பங்குனிதான். ஆவடி ஆலையில் லேத் ஓட்டிய அப்பா, ஷிப்ட் முடிந்ததும் பெரிய அதிகாரியின் பங்களாத் தோட்டத்தில் அவருடைய நாய்களை நடத்திக்கொண்டு போவார். அதிகாரி கேட்டால் மறுக்கத் தெரியாது. பூ உதிர்ந்த பாதையில் நாய்கள் இழுக்க, எண்ணெய்க் கறை பிடித்த காக்கிச் சட்டையோடு பின்னால் ஓடுவார்.

ஒருநாள் நாய்களைப் பார்க்க என் நண்பன் சேகர் பங்களா வேலியருகே என்னோடு வந்து நின்றான்.

“டேய், நாயைப் புட்சிகினு வர்றாரே, யார்ரா அவரு?”

“எங்க ஊட்டு வேலைக்காரரு” என்றேன்.

அது அப்பா காதில் விழுந்துவிட்டது. வேலியோரம் வந்து என்னிடம் பணிவாகக் கேட்டார்: “தம்பி, கூட்டாளி வந்துகீறாரா? நாயை இட்டாரட்டுங்களா?”

நானும் முதலாளி மாதிரி தலையாட்டினேன்.

இதை முதல்முறையாக இன்று போனில் அக்காவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“அதான் அன்னிக்கி அப்பா சாப்டாமயே படுத்துகினாரா? அவரு பங்கு மீனையும் நீதான்டா துன்ன.”