ஆயிரம் என்று எழுதிக் கொடுத்த கல்சியம்

1. கடல்நீர்ப் போத்தல்

சமாதான காலம் அது. போரில் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். வவுனியாவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்களுக்கு வருவதெல்லாம் கிணற்றுத் தண்ணீர். வன்னிக் கிணறுகளில் கல்சியம் கூடுதல். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். அதை அளந்து றிப்போட் எழுதுவது என் வேலை.

ஒருநாள் காலையில் கண்ணாடிக் கடை நஸீர் நானா ஒரு போத்தலோடு வந்தார்.

"மிஸ், இதில கல்சியம் எவ்வளவு எண்டு பாத்துத் தாங்கோ."

"எந்தக் கிணறு நானா?"

"கிணறில்லை. கடல்."

வவுனியாவில் ஏது கடல்? கேட்டபோது விபரம் சொன்னார். தன் கடைக் கண்ணாடியிலேயே பெரிய தொட்டி ஒட்டி, வீட்டு முன்னறையில் வைத்து, பவளப்பாறை என்கிறார்களே, அந்த உயிருள்ள முருகைக்கல் வளர்க்கிறாராம். கல் கொழும்பில் வாங்கியது. தண்ணீர் முல்லைத்தீவிலிருந்து பிளாஸ்டிக் கான்களில் வந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு கானாகத் திறந்து மணந்து பார்த்தார்களாம்.

"ஒருத்தன் விரலால தொட்டு நக்கியும் பாத்தான் மிஸ். பிறகு முகத்தைச் சுளிச்சுக்கொண்டு போகச் சொல்லிப்போட்டான்."

முருகைக்கல் கல்லல்ல. கடுகளவு உயிர்கள் கோடிக்கணக்கில் கூடி வாழும் இடம். அவை தண்ணீரிலுள்ள கல்சியத்தை எடுத்துத் தங்கள் வெள்ளை எலும்பைக் கட்டுகின்றன. கடலில் அது தீராது. தொட்டியில் தீர்ந்துவிடும், நாம்தான் ஈடு செய்ய வேண்டும். நானா சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரைச் சேலைன் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். அளவு சரியா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கடல்நீரை நான் அதுவரை சோதித்ததில்லை. எரிசோடா விட்டு மக்னீசியத்தை ஒதுக்கி, நிறங்காட்டி போட்டு, துளித்துளியாக விடும் பியூரெட்டைத் திறந்தேன். இளஞ்சிவப்பு நெடுநேரம் அசையாமல் நின்றது. பிறகு ஒரே துளியில் ஊதாவாகிவிட்டது, மாலை வானம் நாம் பார்த்திருக்கும்போதே மாறிவிடுவதைப் போல. மூன்று முறை செய்தேன். மூன்றும் ஒத்துப்போயின. றிப்போட்டில் "கல்சியம் 1000" என்று எழுதிக் கொடுத்தேன்.

2. நீல அறை

ஒரு மாதம் கழித்து நானா மறுபடி வந்தார். இந்தமுறை 725.

"நல்லாக் குறைஞ்சிட்டுது," என்றார். ஆனால் முகத்தில் சந்தோசம் இல்லை. "கல்லு மட்டும் சோர்ந்துகொண்டு போகுது மிஸ். ஒருக்கா வீட்ட வந்து பாருங்கோ."

அன்று பின்னேரம் போனேன். வெளியே வெயில் எரித்தது. முன்னறைக்குள் கால் வைத்ததும் எல்லாம் தொட்டி விளக்கின் நீலம். சுவரில், கூரையில், என் கைகளில் நீரின் நிழல் ஆடியது. நீர்ப் பம்பியின் மெல்லிய இரைச்சல் தவிர வேறு சத்தம் இல்லை. மூச்சைக்கூட மெதுவாக விடத் தோன்றியது. தொட்டியின் முன்னால் கதிரையில் நானாவின் மனைவி ரஹீமா அக்கா இருந்தார். நான் வந்ததை அவர் கவனித்தாரோ தெரியவில்லை.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஒரு பையோடு முல்லைத்தீவை விட்டு வெளிக்கிட்டவர்கள் அவர்கள். பாதை திறந்ததும் வீட்டைப் பார்க்கப் போனார்கள். சுவர்கள் மட்டும் நின்றன. திரும்பி வந்த அக்கா கதைப்பதைக் குறைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நானா இந்தத் தொட்டியைக் கட்டினார். பின்னேர அசர் தொழுகை முடிந்தால் அக்காவின் இடம் அந்தக் கதிரைதான்.

முருகைக்கல்லின் கிளைகள் நிறம் வெளுத்துக் கிடந்தன. கண்ணாடியில் படர்ந்திருந்த இளஞ்சிவப்புப் பாசியும் உதிர்ந்துகொண்டிருந்தது.

"விடுங்கோ மிஸ்," என்றார் அக்கா, திரும்பாமலே. "எங்கட கையில ஒண்டும் தங்காது."

நானா, லண்டனிலிருந்து மச்சான் அனுப்பிய புத்தகத்தை விரித்துக் காட்டினார். "இதில 420 எண்டு கிடக்கு. நீங்கள் ஆயிரம் எண்டு தந்தியள். அதுதான் சுண்ணாம்புத் தண்ணியை உடன நிப்பாட்டினனான்."

அந்த வரியை நானும் வாசித்தேன். எங்கள் கூடத்தில் எதையும் கல்சியம் காபனேற்றாக, அதாவது சுண்ணாம்புக் கல்லின் எடையாக, கணக்கிட்டு எழுதுவதுதான் வழக்கம். புத்தகம் சொன்னது வெறும் கல்சியம், காபனேற்றின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு. என் எண்ணை இரண்டரையால் பிரித்தால்தான் அவருடைய எண் வரும். ஆயிரம் என்றால் 400. அவரது தொட்டி அன்று நன்றாகவே இருந்திருக்கிறது. 725 என்றால் 290. ஒரு மாதமாக அந்த உயிர்களை நான் பட்டினி போட்டிருந்தேன்.

பேசாமல் வந்திருக்கலாம். அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அக்கா சொன்ன வார்த்தைதான் என்னை விடவில்லை.

"அக்கா, இது உங்கட கையில்லை. என்ட பிழை," என்று சொல்லி, தாளில் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

அக்கா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். தாளை வாங்கிக் கணக்கை வரி வரியாகப் பார்த்தார்.

"கணக்குப் பிழைதானா?"

"ஓம் அக்கா."

"அப்ப திருத்தலாம்தானே."

3. சொட்டு

நானாவுக்கு அவசரம். "வாளியோட ஒரேயடியா ஊத்தினா என்ன?"

ஒரு கிளாசில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் சுண்ணாம்புத் தெளிவை ஊற்றினேன். கண்முன்னே பாலாகி, அடியில் மாவாக இறங்கியது. "கூடவும் கெதியாவும் போட்டா இப்பிடித்தான் நானா. கல்சியம் கல்லுக்குப் போகாது, தொட்டியின்ட அடிக்குத்தான் போகும்."

அன்றன்று ஆவியாகிற தண்ணீரளவுக்கு மட்டும், சொட்டுச் சொட்டாக, விடியப்புறம் சுபஹு தொழுதபின் தொடங்குவது என்று முடிவு செய்தோம். வாரத்துக்கு ஒரு போத்தல் என்னிடம் வரும். இப்போது வெறும் கல்சியமாகவே கணக்கிட்டு எழுதினேன். 300. 325. ஒரு வாரம் அசையவே இல்லை. பிறகு 350. நான் ஒவ்வொரு முறையும் ஊதாத் துளிக்காகக் காத்திருக்கும்போது அந்த நீல அறை என் மேசைக்கு வந்துவிட்டது போல் இருக்கும்.

எங்கள் கூடத்துப் பெரியவரிடம் போய், றிப்போட் படிவத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"இவ்வளவு காலமும் இப்பிடித்தானே பிள்ளை குடுத்தனாங்கள்?"

"எங்களுக்கு விளங்கும் சேர். கொண்டுபோறவைக்கு விளங்காது."

அவர் யோசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அளவு சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. அந்த எண்ணைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று வாங்குபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்கவில்லை.

400 வந்து சில வாரங்களின் பின், போத்தலோடு வந்தது நானா இல்லை. ரஹீமா அக்கா. வெயிலில் நடந்தே வந்திருந்தார்.

"புதுசா நுனி விட்டிருக்கு மிஸ். வெள்ளையா, நகத்தளவு. நான்தான் முதல் கண்டனான். அவர் இன்னும் காணேல்லை."

போத்தலை என்னிடம் தந்துவிட்டு, வாசல்வரை போனவர் நின்றார்.

"கல்சியமோ காபனேற்றோ எண்டு வடிவா எழுதித் தாங்கோ, என்ன?"