இருபத்தேழு பிரெயா மரங்களும் என் தங்கையும்

என் தங்கை ரொசெந்தா ஜெயித்தவற்றை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவின் எர்மோசியோ நகராட்சியின் மரக் கணக்கெடுப்பில், நாற்பத்துமூன்று படித்த ஆண்களுக்கு நடுவே ஒரு வேலை. எங்கள் தெருவின் இருபத்தேழு மரங்கள். சொட்டச் சொட்ட நனைந்த ஓர் இன்ஜினியரின் மன்னிப்பு.

வேலை என்றால் அளவு நாடா பிடிப்பது. அடிமரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். அது சரியாக அவள் மோவாய்க்கு நேர். மற்றவர்கள் குச்சி வைத்து உயரம் பார்ப்பார்கள். இவள் போய் மரத்தில் மோவாயை முட்டுவாள். நூற்றெண்பத்தாறு மரங்களை அளந்தாள். எல்லாத் தாளிலும் கையெழுத்து மட்டும் இன்ஜினியர் திராதோவுடையது.

அவர் மழை கொட்டும் தெற்கிலிருந்து வந்தவர். மே மாதம் எங்கள் தெருவின் பிரெயா மரங்களில் ஓர் இலைகூட இல்லை. சிமென்ட் லாரிப் புழுதி அப்பி, அடி முதல் நுனி வரை சாம்பல் நிறம். இருபத்தேழுக்கும் 'பட்டுப்போனது' என்று எழுதி, வெட்டச் சொல்லிச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டார். பேருந்துக்கு நிற்பவர்களுக்கு வேறு நிழலே கிடையாது.

"உயிரோடதான் சார் இருக்கு. வெயில்ல இலையைக் கொட்டிடும், தண்டாலயே பொழைக்கும். கீறிக் காட்டட்டுமா?" என்றாள் ரொசெந்தா.

"மரத்தைக் காயப்படுத்தக் கூடாதும்மா. மூணாவது விதி."

"அப்ப வெட்டறது?"

"அது வேற பிரிவு."

வெட்டும் ஆட்கள் நல்ல நாள் பார்த்து வந்தார்கள். சான் ஹுவான் திருநாள். அன்றோடு மழைக்காலம் தொடங்க வேண்டும். மேகம் ஏமாற்றினால் நாங்களே வாளியைத் தூக்கி ஒருவர் மேல் ஒருவர் ஊற்றுவோம். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியவரிடம் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எதிர்வீட்டு ரொட்டிக்காரி சாயோ, இன்ஜினியர் வண்டியிலிருந்து கால் வைத்ததுமே ஒரு வாளி கவிழ்த்தாள்.

"ஐயோ, இது அரசாங்கச் சட்டைம்மா!"

"அரசாங்கமும் வருசத்துக்கு ஒரு தடவை குளிக்கட்டுமே!"

ரம்பக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு குடம். மோட்டார் ரம்பம் இருமிவிட்டு அணைந்தது. நான் வீசிய வாளிக்குப் பயந்து இன்ஜினியர் முதல் மரத்தின் பின்னால் பதுங்கினார். அவ்வளவு தண்ணீரும் அடிமரத்தில் அறைந்தது. சாம்பல் சேறு வழிந்து இறங்க, உள்ளே பட்டையே கிளிப்பச்சை!

ரொசெந்தா ஒரு கணம் வாயைப் பிளந்து நின்றாள். பிறகு கத்தினாள்: "ஆளை விடுங்கடி! மரத்துக்கு ஊத்துங்க!"

தெருவே பைத்தியம் பிடித்தது போல் ஓடியது. வாளி, குடம், குழந்தை குளிக்கும் தொட்டி. பாதிரியார் ரப்பர் குழாயை இழுத்து வந்தார். வரிசையாக இருபத்தேழு பச்சை மரங்கள், பளபளவென்று. ரம்பக்காரர்களும் ஊற்றினார்கள்.

இன்ஜினியர் ஒரு கிளையைத் தடவினார், விரலைப் பார்த்தார், ஈர முடியை ஒதுக்கிக்கொண்டார். "மன்னிச்சிடும்மா" என்றார். "ஆனா முடிவை மாத்தணும்னா மறுமதிப்பீட்டுத் தாள்ல வேற ஒருத்தர் கையெழுத்து வேணும். நாளைக்கு மரம் விழுந்தா அவங்கதான் பொறுப்பு. யாரு போடறது?"

சிரிப்பு அடங்கியது. வேலை போகலாம், வழக்கும் வரலாம். ரொசெந்தா நாடாவை எடுத்தாள். ஒவ்வொரு மரமாக மோவாய் முட்டி அளந்தாள், கிளையை வளைத்துப் பார்த்தாள், வேரடியை மிதித்துப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் பிடித்தது.

"இருபத்தேழும் உயிரோட இருக்கு. பத்தொன்பதாவது மட்டும் சாஞ்சிருக்கு, முட்டுக் கொடுக்கணும். பேனாவைக் குடுங்க."

என் முதுகில் தாளை வைத்துத்தான் எழுதினாள். அந்தத் தெருவில் அப்போது ஓரளவு காய்ந்திருந்த இடம் அது ஒன்றுதான். அவள் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கூசியது. மதிப்பீட்டாளர்: ரொசெந்தா புயித்திமேயா. நாள்: 2019 ஜூன் 24, திங்கட்கிழமை.