பொட்டு வைத்த துப்பாக்கி

மாத்தளை டவுனில் காசு ஏற்றும் வேனுக்கு நான் காவல். புதிதாக வந்த கைத்துப்பாக்கிகளில் முழு அளவு உருக்குத் துப்பாக்கி இடுப்பை ஒரு பக்கம் இழுத்தது. சின்னத் துப்பாக்கிக்கு அதில் பாதிக் கனம்கூட இல்லை. விருப்பமானதை எடுக்கச் சொன்னார்கள். யோசிக்காமல் சின்னதை எடுத்தேன்.

அன்று ஆயுத பூசை. வேனுக்குப் பொட்டு வைத்த கையோடு, டிரைவர் அண்ணன் என் துப்பாக்கியின் பிடியிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்.

"இதுவும் ஆயுதந்தானே, தம்பி," என்றார்.

காசை இறக்கிவிட்டு அலுவிகாரை வழியாகத் திரும்பும்போது, தண்ணீர் குடிக்க வீட்டில் இறங்கினேன். இடுப்பில் ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. மகள் ஓடிவந்து இடுப்பில் முகம் புதைத்துக் கட்டிக்கொண்டாள். விலகி நிமிர்ந்தவளைப் பார்த்து மனைவி கேட்டாள்:

"பாப்பாவுக்கு யாருங்க பொட்டு வச்சது?"

நெற்றி நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். துப்பாக்கிப் பிடியிலிருந்து ஒட்டியது; ஈரம்கூடக் காயவில்லை.

மறுநாளே உருக்குத் துப்பாக்கிக்கு மாறிவிட்டேன். பழைய காலத்து ஆள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாள் முழுக்க இடுப்பு வலிக்கிறது. மகள் ஓடிவரும்போது, துப்பாக்கி இருப்பதை நினைவூட்டி, அந்த வலிதான் என்னை வாசலிலேயே நிறுத்துகிறது.